கீன் டாக்டரின் கையெழுத்து

லிக் ஹாலோ
14 ஜனவரி 2018

அன்புள்ள தம்பி டோர்ஸிக்கு,

நானும் உன் மகளும் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது? அந்த இரும்புக் கட்டிலுக்கு இன்னொரு மெத்தை கேட்டாயா, இல்லை வழக்கம்போல வீறாப்பாக இருந்துவிட்டாயா?

பனி முழங்கால் வரை கிடக்கிறது. பத்தொன்பது வயதுக்காரி டெஸ்ஸா தினமும் அதில் இறங்கி நடந்து மளிகைக் கடை வேலைக்குப் போகிறாள். "அத்தை, காரை எடுத்தா பள்ளத்துல கிடப்பேன், நடந்தா கடையில இருப்பேன்" என்கிறாள். வாய் அப்படியே உன் வாய். ஒன்பது வயதில் ஆரம்பித்த சர்க்கரை வியாதி. இன்றைக்கும் நாலு வேளை ஊசி. ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

கீன் டாக்டர் போய் இரண்டு மாதம் ஆகிறது. நவம்பரில் கழற்றி மாட்டிய கோட்டு இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. கிளினிக்கை நடத்தும் போர்டு கூடியபோது அவர் இடத்துக்குப் புது நிர்வாகியைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். போர்டுத் தலைவர் டென்வர் போலிங் மேசையைத் தட்டினார். "மண்ணு இறுகட்டும்யா! மே மாசம் கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயிறு வரைக்கும் அவர் பேரு எங்கெங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். அதுக்கு முன்னாடி அந்த நாற்காலில எவனாவது உக்காந்தா நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். நோயாளிகளை நர்ஸ் வில்மா பார்க்கிறாள். கணக்கும் காகிதமும் என் தலையில்.

உன்னைப் பார்க்க வருபவர்களின் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தாயா? நாலு வருஷமாகக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா க்ளென்னா


சிறை
29 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கும், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம்.

முதுகு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. மெத்தை கேட்டேன். "சுரங்கத்துல பாறை மேல படுத்தவன்தானே நீ" என்றார்கள். சலவைக் கூடத்தில் வேலை. சூடாக இருக்கிறது, அதுவே போதும்.

டாக்டர் போன செய்தி வந்த அன்று இரவு சாப்பிடவில்லை. யாருடைய கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டு உள்ளே வந்தேனோ அந்த மனுஷன் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒருதரம் நானே கேட்டேன், "என் மேல கோவம் இல்லையா டாக்டர்?" என்று. "இருக்குடா. என் கையெழுத்தை என்னைவிட அழகா போட்டுட்டியே" என்றார்.

இப்போது என் பயம் எல்லாம் டெஸ்ஸாவை நினைத்துத்தான். பக்கத்து அறைக்காரனின் தங்கையும் இன்சுலின்காரிதான். ஒரு குப்பி முன்னூறு டாலராம், மாதம் மூன்று குப்பியாம். பாதி மருந்தைப் போட்டுக்கொண்டு பாதியை மிச்சம் பிடிக்கிறாளாம். நம் பெண்ணுக்கு டாக்டர் இருந்தவரை கிளினிக்கில் மலிவாகக் கிடைத்தது. இனிமேல்? ஒளிக்காமல் எழுது.

உன் கால் வீக்கம் வற்றியதா?

டோர்ஸி


லிக் ஹாலோ
20 பிப்ரவரி

அன்புள்ள டோர்ஸிக்கு,

கால் வீக்கம் வற்றிவிட்டது. இருமல்தான் விடுவேனா என்கிறது. நீ சாப்பாட்டைக் கோபித்துக்கொண்டு ஒதுக்காதே.

டெஸ்ஸாவின் மருந்து டாக்டரின் தர்மத்தில் வந்ததில்லை. அரசாங்கத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எங்களைப் போன்ற ஏழை ஊர்க் கிளினிக்குகளின் பட்டியல். அதில் பெயர் இருந்தால் மருந்துக் கம்பெனிக்காரன் குறைந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வெளியே முன்னூறு டாலருக்கு விற்கும் குப்பி எங்களுக்கு ஒரு காப்பிக் காசில் வந்துவிடும். ஒரே நிபந்தனை, எங்கள் கிளினிக்கில் காட்டி வைத்தியம் செய்துகொள்பவருக்கு மட்டும்தான் தரலாம். இருநூற்றுப் பத்துப் பேர் அதை நம்பி ஊசி போடுகிறார்கள், நம் டெஸ்ஸாவையும் சேர்த்து.

வருஷத்துக்கு ஒருமுறை, கிளினிக்கின் பொறுப்பாளர் என்று அதில் பதிவானவர் கம்ப்யூட்டரில் நுழைந்து, "நாங்கள் விதிப்படிதான் நடக்கிறோம்" என்று தன் பெயரில் உறுதி சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. சொல்லாவிட்டால் பெயர் அடிபடும். அடிபட்டால் உடனே திரும்பவும் சேர முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருதரம், முதல் பதினைந்து நாள்தான் கதவு திறக்கும். அதில் மனுப் போட்டாலும் அடுத்த மூன்று மாதம் பிறந்த பிறகுதான் மலிவு விலை.

இந்த வருஷத்து அறிவிப்பு வந்துவிட்டது. மார்ச் 9 கடைசி நாள். பட்டியலில் பொறுப்பாளர் பெயர் இன்னும் ஹோபர்ட் கீன் என்றே இருக்கிறது.

டென்வர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "உங்க பேருக்காவது மாத்திக் கொடுங்க, ஒரு தாள்தான்" என்று கெஞ்சினேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் உன்னைப் பதினெட்டு வயசுல வேலைக்கு எடுத்தாரு. இன்னும் குழியில புல்லு முளைக்கல. அதுக்குள்ள பேரை அழிக்கணுமா உனக்கு?" என்று கேட்டார். அவர் மனைவி சோளரொட்டி வைத்தாள். தொடாமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 9க்குள் ஏதாவது வழி பிறக்கும். பட்டியல் விஷயம் நீ இன்னும் சொல்லவில்லை. நான் சொல்வது உன் பட்டியலை.

அக்கா


லிக் ஹாலோ
11 மார்ச்

அன்புள்ள டோர்ஸிக்கு,

இருவரும் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். பனி உருகி ஓடையில் தண்ணீர் பாலத்தைத் தொட்டது. டெஸ்ஸா கடையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை தந்திருக்கிறார்கள். வில்மாவின் பூனை கிளினிக் அலமாரியில் குட்டி போட்டது, நாலு.

பட்டியல் வேலை முடிந்தது. நீ கவலைப்படாதே.

அக்கா


சிறை
25 மார்ச்

அன்புள்ள அக்கா,

உடம்பு பரவாயில்லை. இருமலுக்குத் தேன் சாப்பிடு.

பூனை நாலு குட்டி போட்டதை எழுதியிருக்கிறாய். ஓடைத் தண்ணீர் எவ்வளவு என்று எழுதியிருக்கிறாய். முழுசாக ஒரு பக்கம் வருகிற விஷயத்தை மட்டும் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாய். சின்ன வயதில் அப்பாவின் லாந்தரை உடைத்துவிட்டு இப்படித்தான் கோழி முட்டை போட்ட கதை சொன்னாய்.

டென்வர் போலிங் மனசு மாறினார் என்றால் ஆற்று நீர் மலையேறிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் மார்ச் 9ஆம் தேதி உறுதி சொன்னது யார், அக்கா?

பதில் எழுதாதே. நம் கடிதத்தை மூன்றாவது ஆளும் படிக்கிறார் என்பதை மறக்காதே. நான் கேட்டேன் என்பது மட்டும் உன் மனசில் இருக்கட்டும். இதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. அதே ஆள், அதே பெயர்.

டெஸ்ஸாவுக்கு முத்தம்.

டோர்ஸி


லிக் ஹாலோ
17 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? பன்னிரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். நீதான் எழுதாதே என்றாய் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான்.

பூ வைக்கும் ஞாயிறு நல்லபடி நடந்தது. மலைமேட்டுக் கல்லறைக்கு ஊரே திரண்டு வந்தது. டாக்டரின் கோட்டை மடித்து அவர் மகளிடம் கொடுத்தோம். டென்வர் தேம்பித் தேம்பி அழுதார். மறுநாளே பெவர்லி ஹேகி என்ற பெண்மணியை நிர்வாகியாகப் போட்டார்கள். கெட்டிக்காரி. பட்டியலில் பொறுப்பாளர் பெயரை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டாள். ஒரு தாள்தான், நான் சொன்னது போல.

போன வாரம் அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் சோதனைக்கு வருகிறார்களாம். "மார்ச் 9 அன்று உறுதி அளித்த ஹோபர்ட் கீன் அவர்கள் நேரில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். பெவர்லி அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். "க்ளென்னா, நவம்பர்ல செத்தவரு மார்ச்சுல எப்படி உறுதி கொடுத்தாரு? அவங்க கம்ப்யூட்டர்ல தேதி குழம்பியிருக்கும். அப்படித்தான்னு ஒரு கடுதாசி அடிச்சுக் கொடுங்க, கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

டோர்ஸி, நான்தான் செய்தேன். மார்ச் 9 சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும், அவர் நாயின் பெயர், பிஸ்கட். "ஹோபர்ட் கீன் ஆகிய நான்" என்று வந்தது. கட்டத்தை அமுக்கினேன். அவ்வளவுதான். இதைப் படிக்கும் அதிகாரி ஐயா படிக்கட்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இப்போது இரண்டு வழிதான். ஜூலை 15க்குள் சொன்னால் பெயர் அடிபடும், ஆனால் ஜூலையில் திறக்கிற கதவில் புதுசாக மனுப் போட்டு அக்டோபர் ஒன்றாம் தேதி திரும்ப வந்துவிடலாம். மூன்று மாதம் மலிவு மருந்துப் பெட்டி வராது. சொல்லாமல் இருந்து ஆகஸ்டில் அவர்களே கண்டுபிடித்தால் ஜனவரி வரை கிடையாது. கண்டுபிடிக்காமலே போய்விட்டால் ஒன்றுமில்லை. பெவர்லி நினைப்பது போல தேதி குழப்பம் என்று நம்பிவிட்டால் டெஸ்ஸாவுக்கு ஒருநாள்கூட மருந்து நிற்காது. நான் பாழாய்ப் போகிறேன், அவளுக்கு நிற்கக் கூடாது. கடுதாசியை அடித்துவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை.

உன்னைத் திட்டிய திட்டெல்லாம் இப்போது எனக்கே திரும்பி வருகிறது. என்ன செய்யட்டும்?

க்ளென்னா


சிறை
27 ஜூன்

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இங்கே பக்கத்துக் கட்டடத்தில் அடிதடி. எல்லா அறையையும் பூட்டிப்போட்டார்கள். தபால் எப்போது வெளியே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினைந்துக்குள் உன் கையில் சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். முதுகுவலி மாத்திரைக்கு டாக்டர் பெயரில் நான் எழுதின சீட்டைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்காரன் உனக்கு போன் பண்ணி "இது டாக்டர் எழுதினதா?" என்று கேட்டபோது "இல்லை" என்று சொன்னது நீதான். அது எனக்கு முதல் நாளே தெரியும். நீ ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காட்டிக்கொடுத்தாள் என்றுதான் முதலில் பொருமினேன். இரண்டாம் வருஷ ஈஸ்டருக்கு டாக்டர் வந்தபோது மீதியைச் சொன்னார். "அவ மொதல் சீட்டுலயே கண்டுபிடிச்சுட்டாடா. மூணு மாசம் வாயைத் திறக்கல. தம்பி தானா நிறுத்திடுவான்னு காத்துட்டு இருந்திருக்கா. ஒன்பதாவது சீட்டுலதான் இல்லன்னா" என்றார். ஒரே சீட்டோடு மாட்டியிருந்தால் வக்கீல் சொன்னபடி மாத்திரைப் பழக்கத்தை விடும் வைத்தியத்துக்கு அனுப்பி வீட்டுக்கு விட்டிருப்பார்கள். ஒன்பதுக்கு ஆறு வருஷம் போட்டார்கள்.

அன்றிலிருந்து உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் நீ சொன்னதற்கு இல்லை அக்கா. லேட்டாகச் சொன்னதற்கு. அதனால்தான் பார்க்க வருபவர் பட்டியலில் உன் பெயரை எழுதவில்லை. பாசம் வைத்துப் பாசம் வைத்தே என்னைக் குழியில் இறக்கினாய். இப்போது இருநூற்றுப் பத்துப் பேரை இறக்கப் பார்க்கிறாய்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே. பதினைந்துக்கு முன்னால் சொல். என் பெண்ணுக்கு மூன்று மாதம் கஷ்டம் என்றால் மூன்று மாதம். ஆறு மாதம் ஆக்காதே.

டோர்ஸி


லிக் ஹாலோ
15 ஜூலை, ஞாயிறு

அன்புள்ள டோர்ஸிக்கு,

அடிதடியில் உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? முதலில் அதை எழுது.

உன் கடிதம் பதினாறு நாள் ஊர் சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. கிளினிக் வாசலில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். முதல் சீட்டிலேயே நான் கண்டுபிடித்தது உனக்குத் தெரியாது என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு உள்ளே போனேன்.

நான் அடித்த கடுதாசி பெவர்லியின் மேசையில் இருந்தது. முந்தின நாள்தான் கொடுத்திருந்தேன். ஆமாம், கொடுத்துவிட்டேன். உன் கடிதம் ஒருநாள் தாமதமாகியிருந்தால் அது போயிருக்கும். பேனா அவள் கையில் இருந்தது.

"பெவர்லி, அதுல கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன், எங்கயாவது பிழையா?"

"பொய்."

அவள் என்னைப் பார்த்தாள். "கதவைச் சாத்துங்க" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாய் பெயர் வந்தபோது, "பிஸ்கட்டா! என்னைக் கடிச்ச நாய்" என்று ஒரு நொடி சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது.

"மூணு மாசம், க்ளென்னா. இருநூத்துப் பத்து பேரு. உங்க வீட்டுப் பொண்ணு உட்பட. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான். திங்கக்கிழமை சொன்னா ஆறு மாசம்."

என் எதிரிலேயே அலுவலகத்துக்கு போன் செய்தாள். மார்ச் உறுதி செல்லாது, பெயர் அன்றே நீக்கம், ஞாயிறு முடிவதற்குள் புது மனு வந்தால் அக்டோபர் ஒன்று என்றார்கள். நேற்று முழுக்க இருவரும் உட்கார்ந்து மனுவைத் தயாரித்தோம். கிளினிக் விலாசம், மருந்து வந்திறங்கும் வாசல், எல்லாம் மூன்று தரம் சரிபார்த்தோம். தன் பெயரில், தன் கையால் அவள்தான் அமுக்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

முடிந்ததும், "சாவியை வெச்சுட்டுப் போங்க. எனக்கு வேற வழி இல்ல" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். முப்பத்து மூன்று வருஷச் சாவி. வைத்துவிட்டு வந்தேன்.

டெஸ்ஸாவிடம் இன்றைக்குக் காலையில் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "சரி. மூணு மாசத்துக்கு என்ன போடறது?" என்றாள். பெரிய கடையில் சீட்டில்லாமல் விற்கிற பழைய ரக இன்சுலின் இருக்கிறது. விலை கட்டுப்படியாகும். ஆனால் அது சொன்ன நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். வில்மா வந்து கற்றுக்கொடுக்கிறாள்.

இப்போதும் லேட்டா, தம்பி?

அக்கா


சிறை
26 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

நான் சுகம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் டெஸ்ஸா என்று எழுதி, பக்கத்தில் சுகம் என்று மட்டும் போடு.

டோர்ஸி


லிக் ஹாலோ
9 செப்டம்பர்

அன்புள்ள டோர்ஸிக்கு,

மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்காருவேன். "இங்கே சுகம்" என்று ஆரம்பிக்க வேண்டும். கை அந்த இடத்தில் நின்றுவிடும். இனிமேல் உனக்குக் கோழி முட்டைக் கதை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உண்மையை எழுதவும் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 21. மத்தியானம் சாப்பிடப் போக வேண்டிய நேரத்தில் லாரி வந்து நின்றதாம். "இதை இறக்கிட்டுப் போ" என்று மேலாளன் சொல்லியிருக்கிறான். காலையில் போட்ட ஊசி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, வயிற்றில் ஒன்றுமில்லை. பீன்ஸ் டப்பா அடுக்கின அலமாரியில் தலை மோதி விழுந்துவிட்டாள். எனக்கு போன் வந்தபோது மூச்சு இருக்கிறதா என்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள். இரண்டாம் நாள் வரை என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். நெற்றியில் ஏழு தையல். வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். மேலாளனைப் பார்த்து, "இனிமே லாரி வந்தா நீங்க இறக்குங்க, நான் சாப்பிடறேன்" என்று சொன்னாளாம். மணி பார்த்துச் சாப்பிடுகிறாள். நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்க்கிறேன். நேற்றைக்குத் தாங்க முடியாமல், "நான் பேசாம இருந்திருந்தா உனக்கு இது வந்திருக்காதுடி" என்று சொல்லிவிட்டேன்.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜனவரி வரைக்கும் இதே கூத்துதானே அத்தை. இன்னும் இருபத்திமூணு நாள். எண்ணிட்டுதான் இருக்கேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே, பீன்ஸ் சூப்பு ஆறிப்போவுது" என்றாள்.

அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கு வருமா வராதா என்று சொல்லவில்லை. டென்வர் போலிங் சர்ச்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பாட்டு முடிந்தது. அப்புறம், "ஒரு தாள்தான்னு சொன்னே. நான்தான் கேக்கல" என்றார்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

அக்கா


சிறை
20 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் கொடுக்கும்போது அதிகாரி ஐயா, "உக்காந்து படி" என்றார். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். சொல் சொல் என்று பூட்டின அறைக்குள் இருந்து எழுதினவன் நான். விழுந்தது என் பெண். உன்னைக் கேட்க எனக்கு வாய் ஏது? ஆனாலும் சொல்கிறேன், நீ செய்தது சரி. இந்தமுறை லேட் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் பங்கை எழுதிவிட்டேன். பார்க்க வருபவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயர். மற்றக் கேள்விகளுக்கு நீதான் பதில் எழுத வேண்டும். டெஸ்ஸாவின் பெயர் முதலிலிருந்தே இருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டு எழுது. ஒன்பதாம் கேள்வியைப் பார்த்தால் உனக்கே தெரியும். எப்படிப் பதில் எழுதச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் இருமல் எப்படி?

டோர்ஸி


லிக் ஹாலோ
2 அக்டோபர்

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் விட்டுவிட்டது. உன் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு படி, பெரிய கடிதம் இல்லை.

தாளைப் பூர்த்தி செய்து இதே உறையில் திருப்பி அனுப்புகிறேன். ஒன்பதாம் கேள்வி, "உங்கள் மேல் இப்போது குற்ற விசாரணை ஏதேனும் நடக்கிறதா?" என்பது. "ஆம்" என்று எழுதினேன். எதற்காக என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். "என்னுடையது அல்லாத பெயரில் உறுதி அளித்தேன்" என்று எழுதினேன். ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. கடைசியில் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பேனாவை எடுத்ததும் டெஸ்ஸா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அத்தை, உன் பேருதானே?" என்றாள். சாத்தினேன் ஒரு அடி.

"ஆம்" என்று எழுதினவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்கிறாள் வில்மா. விடாமல் போகட்டும். வரும் ஞாயிறு டெஸ்ஸாவை நான்தான் அழைத்துக்கொண்டு வருகிறேன். பத்து மணிக்கு அவள் உள்ளே வருவாள். நான் வெளியே கார் நிற்கிற இடத்தில் இருப்பேன், நீலக் கோட்டு. உன் பக்கத்தில் ஜன்னல் எதுவும் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் நிற்கிறேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு கிளினிக் பின்வாசலில் பெட்டி வந்திறங்கியது. பெவர்லி போன் பண்ணி, "வந்துடுச்சு க்ளென்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டெஸ்ஸா சுகம். இன்று காலை சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

க்ளென்னா ரூத் ஸ்டிடம்